முன்னால நடந்தவ

பூட்ஸைத்தானே பாக்குறே? நாக்பூர் தாண்டினதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றே. கேக்கணும்னா கேளும்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன். சேலைக்குக் கீழ பூட்ஸ் மாட்டினா யாரும் பாக்கத்தான் செய்வாக. பையில வச்சா இடத்தை அடைக்குது, அதான் காலுலயே போட்டுக்கிட்டு வந்துட்டேன். போன வருசமும் இப்படித்தான் வந்தேன்.

மலை ஏறப் போறோம். ஆமா, நாங்கதான். நானும், அந்தா மேல் பெர்த்துல போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறாளே, அவளும். அவ பேரு வேல்கனி. என் கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. என் பேரு தனபாக்கியம். ஊரு சிவகாசி, காலண்டர் அடிக்கிற பிரஸ் வச்சிருக்கோம். எனக்கு அம்பத்தொம்பது நடக்குது, அவளுக்கு அம்பத்திரண்டு. இந்தா, காராச்சேவு எடுத்துக்க, சாத்தூர்ல வாங்கினது.

இவ எனக்கு ஒரு அநியாயம் பண்ணிட்டாம்மா. ஒரு வருசமா பண்ணிக்கிட்டே இருக்கா. வெளிய சொன்னா நம்மளைத்தான் சிரிப்பாக, அதனால யாருகிட்டயும் சொல்லல. நீ டெல்லியில இறங்கிப் போயிருவே, உன்கிட்டச் சொன்னா என்ன. மெதுவாப் பேசுறேன், அவ காதுல விழ வேண்டாம். விழுந்தாத்தான் என்ன, விழட்டும்.

முதல்ல இருந்து சொல்றேன். எங்க பிரஸ்ல வருசா வருசம் ஒரு பனிமலைப் படம் போடுவோம். சாமி படம், குழந்தை படம், அப்புறம் ஒரு பனிமலை. முப்பது வருசமா அதே மலைதான். ஆபீஸ் ரூம்ல உக்காந்து முதல் பிரதி பாக்குறது நான். எனக்கே சலிச்சுப்போச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னால படம் கொண்டுவர்ற ஏஜெண்டு ஒருத்தன் வந்து, அதே மலையைக் கலரு மாத்திக் காட்டுனான். எனக்கு வந்துச்சே கோவம். இதையே எத்தனை வருசம் போடுறது, நானே போயி மலை மேல நின்னு ஒரு படம் பிடிச்சுட்டு வர்றேன், அதைப் போட்டு அடிப்போம்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரக அந்த ஏஜெண்டு முன்னாலயே சிரிச்சாக. உனக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது, நீ எங்கிட்டு இமயமலை ஏறப் போறேன்னாக. அவனும் கூடச் சேந்து சிரிச்சான்.

அவ்வளவுதான். அன்னிக்குச் சொன்னேன், அடுத்த வருசக் காலண்டர்ல நான் நிக்கிறேன், சிகரத்து மேல நிக்கிறேன், ஊரே பாக்கும்னு. பிரஸ்ல வேலை பாக்குற அத்தனை பேரும் கேட்டாக. சொன்ன வார்த்தையில இருந்து இறங்குற ஆளு நான் இல்லை.

மதுரையில ஒரு ஆள் கூட்டம் சேத்துக் கூட்டிட்டுப் போறாருன்னு விசாரிச்சுப் பேரு கொடுத்தேன். சித்திரை மாசம், பிரஸ்ல வேலை குறைச்சலா இருக்கிற நேரம். தனியா விட மாட்டேன்னு வீட்டுக்காரக ஒத்தைக் கால்ல நின்னாக. சரி, பை தூக்க ஒரு ஆளு வேணும்ல, வேல்கனியைக் கூட்டிட்டுப் போறேன்னேன். அவளைக் கேட்டோமான்னா கேக்கல. அவ என்ன சொல்லப் போறா? எதுக்கும் சரிக்கான்னுதான் சொல்லுவா.

எங்க வீட்டுல ஒரு முறை உண்டும்மா. மூத்த மருமக முன்னால போகணும், இளையவ பின்னால வரணும். கல்யாண வீடோ துட்டி வீடோ, வாசல்ல முதல்ல நுழையறது நான். பொங்கப் பானையில முதல் அரிசி நான் போடணும், அடுத்தது அவ. தீவாளிக்குச் சேலை எடுத்தா ரெண்டு மருமகளுக்கும் ஒரே நிறம், ஒரே கரை. ஆனா முதல்ல கையில வாங்குறது நான். முப்பத்தோரு வருசத்துல ஒரு நாள் அவ என்னைத் தாண்டி நடந்ததில்ல. நான் சொல்லி இல்லை, அவளா நடந்துக்கிட்டா. அந்த விசயத்துல அவளைக் குறை சொல்ல மாட்டேன். மதுரையில போயி குளிருக்குச் சட்டை எடுத்தப்பவும் அப்படித்தான், ரெண்டு பேருக்கும் ஒரே ஊதா நிறம்.

எனக்குப் பயம் எல்லாம் அவளை நினைச்சுத்தான். நானாவது ஆபீஸ்ல நாலு பேரை வேலை வாங்கிப் பழகினவ, மனசுல தெம்பு உண்டு. அவளுக்கு என்ன தெரியும்? பைண்டிங்ல நிப்பா. காலண்டர்க் கட்டைத் தலையில வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுவா, இறங்குவா. சீசன்ல ஒரு நாளைக்கு நாப்பது நடை. அந்தப் படியை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. இவ எப்படி மலை ஏறுவான்னு போற வழியெல்லாம் எனக்குக் கவலை.

மலையடிவாரத்துல எங்களுக்கு வழிகாட்டியா வந்தவன் குந்தன் சிங். அந்த ஊருக்காரன்தான், ஆனா திருப்பூர்ல பனியன் கம்பெனியில நாலு வருசம் இருந்திருக்கான், தமிழ் பேசுவான். மரியாதைதான் கிடையாது, எல்லாருக்கும் நீ, வா, போ. மத்தபடி நல்லவன். மலை பேரு என் வாயில நுழையாது. பன்னெண்டாயிரத்து ஐநூறு அடி, மேல ஏற ஆறு நாள் நடை. நாங்க மொத்தம் பன்னெண்டு பேரு. பாதிப் பேரு மதுரைக்காரப் பசங்க, கம்ப்யூட்டர் வேலை.

முதல் நாள் நடக்க ஆரம்பிச்சதும் குந்தன் சிங் எல்லாரையும் ஒரு மணி நேரம் அவுகவுக இஷ்டத்துக்கு நடக்க விட்டான். பாத்துக்கிட்டே வந்தான். ஒரு ஓடைக்கிட்ட நிறுத்தி வரிசை போட்டான். என்னைக் கையைக் காட்டி, "அம்மா முன்னாடி. எனக்கு அடுத்து அம்மா. யாரும் அம்மாவைத் தாண்டக் கூடாது"ன்னான். எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லல. மூஞ்சியைப் பாத்தே யாரை எங்க வைக்கணும்னு தெரிஞ்சவன்னு நினைச்சேன். வேல்கனியைக் கடைசியில விட்டான். அவளுக்கும் பின்னால இன்னொரு வழிகாட்டி. பாவம், அவ நடக்க மாட்டான்னு கண்டுக்கிட்டான், விழுந்தாத் தூக்க ஆளு போட்டிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

அஞ்சு நாளும் அதே வரிசை. காலையில கூடாரத்துல இருந்து வெளிய வந்ததும், அம்மா முன்னாடி. நான் நடந்தா எல்லாரும் நடக்கணும், நான் நின்னா எல்லாரும் நிக்கணும். அந்தப் பசங்களுக்கு என்கூட நடந்து முடியல. பின்னால பெருமூச்சு விடுற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். நான் நிக்கிறப்ப எல்லாம் இடுப்புல கையை வச்சுக்கிட்டு வானத்தைப் பாப்பானுங்க. அவ்வளவு களைப்பு. நான் திரும்பிப் பாத்து, ஏம்ப்பா, இந்த வயசுல இப்படி இளைக்கிறீகளே, கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்தா இப்படித்தான்னு சொல்லுவேன். ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்குவானுங்க.

சாயங்காலம் குந்தன் சிங் எல்லாருக்கும் விரல்ல ஒண்ணை மாட்டி மூச்சுக்காத்து எவ்வளவு இருக்குன்னு பாப்பான். எனக்கு எண்பத்திரண்டு காட்டும், வேல்கனிக்குத் தொண்ணூத்தி நாலு. என் நம்பரை மட்டும் ரெண்டு தடவை பாப்பான். வேற யாருக்கும் ரெண்டு தடவை பாக்கல. எனக்கு மட்டும் வெந்நீர் கேக்காமலே வரும். அந்த மரியாதையை நம்ம ஊரு கல்யாண மண்டபத்துல கூடப் பாக்க முடியாது.

ரெண்டாவது நாள்ல இருந்து என் பையையும் வேல்கனியே தூக்கினா. நான் கேக்கல, தண்ணி குடிக்கக் கழட்டி வச்சேன், எடுத்து மாட்டிக்கிட்டா. முன்னால ஒரு பை, பின்னால ஒரு பை. நாலாம் நாள் பனியில ஒரு மதுரைப் பையன் சறுக்கிப் பள்ளத்துப் பக்கம் போயிட்டான். இவ ஒத்தைக் கையில அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினாளாம். அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல அந்தப் பசங்க எல்லாம் இவளைச் சுத்தி உக்காந்துக்கிட்டு ஆன்ட்டி ஆன்ட்டின்னு பேச்சு. நான் சொன்னேன், அவளுக்கு அது ஒண்ணுதான் தெரியும், தூக்குறதுன்னு. குந்தன் சிங் என்னை ஒரு பார்வை பாத்தான். அப்ப எனக்கு அது விளங்கல.

ஆறாம் நாள்தான் சிகரம். விடியறதுக்கு முன்னால கிளப்பினான். பூட்ஸுக்கு அடியில இரும்புப் பல்லு மாட்டிவிட்டாக, கையில ரெண்டு கம்பு. பதினோரு மணிக்குள்ள மேல தொட்டுட்டுத் திரும்பிரணும், வெயில் ஏறினா பனி இளகிரும், கால் வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போயிரும்னு முந்தின நாளே சொல்லிட்டான். நேரத்துல மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்னான்.

நான் நடந்தேம்மா. பொய் சொல்லல, நல்லாவே நடந்தேன். கொஞ்சம் மெதுவா இருந்திருக்கும். பத்து எட்டு வைப்பேன், நிப்பேன். பத்து, நிப்பேன். அப்புறம் அஞ்சு. மலை முதுகு மாதிரி ஒரு இடம் வந்துச்சு, ஒரே ஆளு நடக்கிற பாதை, ரெண்டு பக்கமும் சரிவு. அங்க ஒரு பாறை. மணி ஒன்பதே முக்கால். அங்க இருந்து பாத்தாச் சிகரம் தெரியுது. அதுல ஒரு கொடி கூடத் தெரியுது. ஒரு மணி நேரம் போனாத் தொட்டுரலாம். நான் பாறையில சாஞ்சேன். காலு ரெண்டும் என் காலு மாதிரியே இல்லை.

குந்தன் சிங் விரல்ல அதை மாட்டிப் பாத்தான். என்ன நம்பருன்னு சொல்லல. "அம்மா, நீ இங்க உக்காரு. போதும். மத்தவங்க போகட்டும்"ன்னான்.

எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. நான் உக்காந்தா மத்தவுக எப்படிப் போவாக, முதல் ஆளு நானு, என்னைத் தாண்டக் கூடாதுன்னு நீதானே சொன்னேன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன்.

அவன் குரலை உசத்தாமச் சொன்னான். "அம்மா, மெதுவா நடக்கிற ஆள் முன்னாடி. எல்லா மலையிலயும் அதான் ரூல். பின்னாடி வச்சா அந்த ஆள் தனியா மாட்டிக்கும். முன்னாடி வச்சா எல்லாரும் அந்த ஆள் வேகத்துல வரும். ஸ்ட்ராங் ஆள் கடைசி."

எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாக. பதினோரு பேரும். அவுகளுக்கு எல்லாம் இது முதல் நாளே தெரியும்மா. தெரியாம இருந்தது நான் ஒருத்தி. அஞ்சு நாளா முதல் ஆளு, முதல் ஆளுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்திருக்கேன். அந்தப் பசங்களைப் பாத்து ஏம்ப்பா இளைக்கிறீகன்னு வேற கேட்டிருக்கேன். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அழுகை வந்துச்சு, அழல. அந்தக் குளிர்ல அழுதா கண்ணைத் திறக்க முடியாது.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. எந்த ரூலோ இருந்துட்டுப் போகட்டும், அஞ்சு நாளும் பன்னெண்டு பேரும் என் வேகத்துலதான் நடந்தாக. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

ஒவ்வொருத்தனா என்னைத் தாண்டிப் போனான். வர்றோம் ஆன்ட்டின்னுட்டுப் போனானுங்க. அவனுங்க நடந்த நடையைப் பாக்கணுமே, கட்டவுத்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரி. பதினோரு பேர்ல பத்துப் பேரு போயாச்சு. கடைசியில வேல்கனி வந்தா. வந்து நின்னுட்டா.

என் காலு பாதைக்குக் குறுக்க நீட்டிக் கிடக்கு. அதைத் தாண்டினாத்தான் போக முடியும். அவ காலைப் பாத்தா, என்னைப் பாத்தா. "நான் போகலக்கா. உங்ககூட இருக்கேன்"ன்னா. குந்தன் சிங் முன்னால இருந்து கூப்பிடுறான், நேரமாச்சு நேரமாச்சுன்னு. கூட இருக்கிறதுக்கு அந்த இன்னொரு வழிகாட்டி இருக்கான், அவளுக்கு அங்க ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பையை இறக்கி வச்சுட்டு என் பக்கத்துல உக்காந்துட்டா.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு. உன்கிட்ட என்னத்துக்கு மறைக்கணும். நான் போகாத இடத்துக்கு அவளும் போகல, முறை முறையாத்தான் இருக்குன்னு ஒரு நிம்மதி. அப்புறம்தான் ஒண்ணைக் கவனிச்சேன். ரெண்டு பையைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு ஏத்தம் ஏறி வந்திருக்கா, அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. சும்மா மாடியில கட்டை இறக்கி வச்சுட்டு வந்தவ மாதிரி உக்காந்திருக்கா.

உக்காந்தவ, ஒரே ஒரு தடவை நிமிந்து சிகரத்தைப் பாத்தா. பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டா.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்மா. அவ கல்யாணமாகி வந்த முதல் வருசம். தபால்ல பி.காம் படிச்சுக்கிட்டிருந்தா, கடைசி வருசப் பரீட்சை டிசம்பர்ல வந்துச்சு. டிசம்பர்னா எங்களுக்கு உயிர் போற சீசன். ஹால் டிக்கெட்டைக் கொண்டாந்து என்கிட்டக் காட்டுனா. நான் முடியாதுன்னுட்டேன். பத்து நாள் மதுரைக்குப் போயி பரீட்சை எழுதினா இங்க கட்டு யாரு கட்டுறது? நீயே சொல்லு. சீசன்ல ஆளு வேணும்ல. அடுத்த வருசம் எழுதலாம்னேன். அடுத்த வருசம் அவ வயித்துல பிள்ளை. நான் என்ன பண்ண முடியும்? அன்னிக்கு அந்த ஹால் டிக்கெட்டை இப்படித்தான் ஒரு தடவை பாத்தா, குனிஞ்சுக்கிட்டா. மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டுக் கட்டுக் கட்டப் போயிட்டா. அப்பவும் வாயில கொழுக்கட்டைதான்.

முப்பது வருசத்துக்கு அப்புறம் அந்தப் பனியில உக்காந்துக்கிட்டு எனக்கு அந்த ஹால் டிக்கெட்டு ஏன் ஞாபகம் வந்துச்சுன்னு தெரியல. நெஞ்சு அடைச்சுக்கிச்சு. காத்து கம்மியா இருந்தா அப்படித்தான் அடைக்கும்னு குந்தன் சிங் சொல்லியிருந்தான்.

எந்திரின்னேன். எந்திரிக்கல. சிகரத்துல விரிச்சுப் படம் பிடிக்கணுமே, பிரஸ் பேரு போட்ட துணி உன் பையிலதானே இருக்கு, அதை யாரு பிடிக்கிறதுன்னேன். மதுரைப் பையன் யாராவது பிடிப்பான், கூப்பிட்டுக் கொடுத்துருவோம்கான்னா. அதுல எனக்குக் கோவம் வந்துருச்சு. மதுரைக்காரன் பிடிக்கிறதுக்கா நாம சிவகாசியில இருந்து துணி கொண்டாந்தோம்?

"நீ போ வேல்கனி. மூத்தவ சொல்றேன், போ."

"உங்களைத் தாண்டியாக்கா?"

"தாண்டித்தான் போகணும். வேற வழி எங்க இருக்கு?"

அப்பவும் நின்னா. என் காலையே பாத்துக்கிட்டு நின்னா. நான் ரெண்டு கையாலயும் முழங்காலைப் பிடிச்சுக் காலை மடக்கிக்கிட்டேன். அந்தக் காலை மடக்குறது அன்னிக்கு மலை ஏறுறதை விடக் கஷ்டமா இருந்துச்சு. அவ தாண்டிப் போனா.

போறதைப் பாத்தேன். முதல்ல மெதுவாத்தான் போனா, ரெண்டு தடவை திரும்பிப் பாத்தா. நான் கம்பை ஓங்கினேன். அப்புறம் திரும்பல. ஊதாச் சட்டை அந்த வெள்ளையில போய்க்கிட்டே இருந்துச்சு. முன்னால போன பசங்களை எல்லாம் ஒவ்வொருத்தனாப் பிடிச்சு, தாண்டிப் போனாம்மா. பத்தரைக்குக் கொடிக்கிட்ட முதல்ல நின்னது ஊதா. எங்க வீட்டுச் சட்டை.

இப்ப நீ சொல்லு. நான் போன்னு சொல்லலைன்னா அவ ஏறியிருப்பாளா? அப்ப ஏத்துனது யாரு?

இறங்கி வந்ததும், மேல என்னடி இருந்துச்சுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லக்கா, பனிதான், காத்துதான்னா. முகம் மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, பின்னால இருந்து, அங்க நின்னுக்கிட்டு உங்களைத்தான்க்கா தேடுனேன், அந்தப் பாறை தெரிஞ்சுதுன்னா. ஆமா, பின்னால இருந்துதான். இறங்குறப்பவும் குந்தன் சிங் என்னைத்தான் முன்னால விட்டான். அவ திரும்பவும் கடைசிக்குப் போயிட்டா.

இனிமேத்தான் அந்த அநியாயம். அந்தப் பசங்க எடுத்த போட்டோ வந்துச்சு. சிகரத்துல துணியை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கறுப்புக் கண்ணாடி, காது வரைக்கும் குல்லா, கழுத்துல மப்ளர், ஊதாச் சட்டை. அதைப் பாத்தா யாருன்னு சொல்ல முடியும்? ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உசரம். வீட்டுக்காரக பாத்துட்டு, அடிப்பாவி, சொன்ன மாதிரியே நின்னுட்டியேன்னாக. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவுகளுக்கு. அவுக கண்ணுல நான் தண்ணி பாத்ததே இல்லை. அப்ப எப்படிம்மா நான் இல்லைன்னு சொல்றது? நான்தான்னும் நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லல.

வேல்கனி அங்கதான் நிக்கிறா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அது நான்தான் மாமான்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. சொல்லல.

ஆடிப் பதினெட்டுக்குத்தான் எங்க ஊருல ஏஜெண்டுக பாத்து ஆர்டர் கொடுக்கிற புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாக. முதல் பக்கத்துல அந்தப் படம். வெளியூரு ஏஜெண்டு எல்லாம் வந்திருந்தாக, அன்னிக்குச் சிரிச்சவனும் வந்திருந்தான். என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போத்துனாக. அந்தச் சால்வை வச்ச தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு தெரியுமா? இவதான். நான் அவ மூஞ்சியைப் பாத்தேன். கோவமா இருந்தாக் கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். தட்டு சரியாம இருக்கான்னு பாத்துக்கிட்டு நின்னா.

நீ கேக்க வர்றது தெரியுது. நீங்க சொல்லியிருக்கலாமேன்னு. சொல்லலாம்தான். போத்திட்டாகளே, போத்துனதை எப்படிப் பிடுங்கி எறியறது?

வீட்டுக்கு வந்து அடுப்படியில வச்சுப் பிடிச்சேன். ஏன்டி வாயைத் திறக்க மாட்டேங்கிறே, என்னை ஏன் இப்படிப் பொய்க்காரியா நிக்க வைக்கிறேன்னு கேட்டேன். "நம்ம வீட்டுல ஒருத்தர் ஏறியாச்சுல்லக்கா. அது போதும்"ன்னுட்டுப் பாத்திரம் தேய்க்கப் போயிட்டா. இதைவிட ஒரு அநியாயம் உண்டா? சண்டை போட்டா நான் ஜெயிச்சிருவேன். இவ சும்மா இருந்தே என்னைக் கொல்றா. சுவத்துல அந்தக் காலண்டர் தொங்குது. தினமும் தேதி கிழிக்கிறப்ப அவ என்னைப் பாக்குறா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. ஆபீஸ்ல, பேங்குல, பலசரக்குக் கடையில, போற இடமெல்லாம் தொங்குது.

அதான் திரும்பப் போறேன். டாக்டரு முழங்காலைப் பாத்துட்டு வேண்டவே வேண்டாம்னாரு. மகன் பேச மாட்டேன்னான். அதான் ஏறிட்டியே, படமும் வந்தாச்சே, இன்னும் எதுக்குன்னு வீட்டுக்காரக கேட்டாக. அவுகளுக்கு என்ன பதில் சொல்றது? போறேன்னா போறேன்னுட்டேன். டிக்கெட்டு நானே போட்டேன். இந்தத் தடவை வேல்கனியைக் கேட்டேன், வர்றியாடின்னு. முப்பத்தோரு வருசத்துல முதல் தடவையாக் கேட்டேன். சரிக்கான்னுதான் சொன்னா, ஆனா சொல்றதுக்கு முன்னாலயே பரண்ல இருந்து பூட்ஸை எடுத்துத் துடைச்சு வச்சுட்டா.

நான் ஏறுவேனான்னா கேக்குறே? ஏறுவேன். ஏறலைன்னா அந்தப் பாறை இருக்கு, அது என்னைத் தெரிஞ்ச பாறை. அதைப் பத்தி இல்லம்மா. குந்தன் சிங்குக்குப் போன வாரம் போன் போட்டுச் சொல்லிட்டேன், இந்தத் தடவை முன்னால நிக்கப் போறது வேல்கனி, நான் கடைசின்னு. அவன் சிரிச்சான். "அம்மா, மெதுவா நடக்கிற ஆள்தான் முன்னாடி"ன்னான். அப்ப அவளை மெதுவா நடக்கச் சொல்றேன், நான் சொன்னா அவ நடப்பான்னேன். அப்புறம், சரி, வா அம்மான்னான்.

முப்பத்தோரு வருசமா அவ என் முதுகைப் பாத்துத்தான் நடந்திருக்கா. அவ முதுகை நான் அன்னிக்கு ஒரு தடவைதான் பாத்தேன், அந்தப் பாறையில உக்காந்துக்கிட்டு. அதை இன்னொரு தடவை பாக்கணும்.

பேனா வச்சிருக்கியா? கொடு. குந்தன் சிங்குக்குக் கொடுக்க நாலு காலண்டர் கொண்டாந்தேன், ஒண்ணு உனக்கு. இந்தா, இதுதான் படம். கீழ பிரஸ் பேரு மட்டும்தான் இருக்கு, நான் எழுதுறேன் பாரு. அந்த என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடு, ரயில் ஆட்டத்துல எழுத்து கோணுது. வே... ல்... கனி. சிவகாசி. வீட்டுல மாட்டு. யாராவது கேட்டா இந்தப் பேரைச் சொல்லு. அடுத்த வருசம் இதை அச்சுலயே போட்டுருவேன், வீட்டுக்காரக கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.

அந்தா, முழிச்சிட்டா. டீக்காரன் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சிருவா. ஏய் வேல்கனி, பாத்து இறங்கு. இந்தப் பிள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். என்ன முழிக்கிறே? எல்லாத்தையும்தான். தம்பி, ரெண்டு டீ கொடுப்பா.

பாத்தியாம்மா, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதை. நான் எடுத்தாத்தான் எடுப்பாளாம். ரெண்டு டீயும் ஆறுது.

முதல்ல நீ எடுடி. மூத்தவ சொல்றேன், எடு.